எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?

குளிர் முதலில் இருதயராஜின் விரல் நுனிகளில் வந்து உட்கார்ந்தது. பிறகு மணிக்கட்டுக்கு ஏறியது. வெளியே பழைய மகாபலிபுரம் சாலையில் வெயில் தாரை இளக்கிக்கொண்டிருக்க, இந்த ஏழாவது மாடிக் காத்திருப்புக் கூடத்தில் மட்டும் யாரோ மார்கழியைப் பிடித்து அடைத்து வைத்திருந்தார்கள். அவன் கைகளைத் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டான். அப்படி உட்காருவது பள்ளிக்கூடத்துப் பையனைப்போல் இருக்கும் என்று தோன்றியதும் வெளியே எடுத்து மடியின்மேல் வைத்தான். மடியின்மேல் வைத்த கைகள் வேறு யாரோ மறந்துவிட்டுப் போன பொருள்களைப்போல அங்கே கிடந்தன. கீழே வாயிற்காவலர் அவனுடைய கைபேசியின் கேமராக் கண்ணின்மேல் வட்டமான ஒரு துண்டுத் தாளை ஒட்டி, கழுத்தில் மாட்டிக்கொள்ள ‘பார்வையாளர்’ என்று எழுதிய அட்டையைக் கொடுத்திருந்தார். அந்த அட்டையை அவனது வலது கை தானாகவே தேடியது. பதினேழு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தின் கதவுகளில் அட்டையைக் காட்டிக் காட்டித் திறந்த கை அது; வேலை போன பிறகும், அடுக்குமாடியின் மின்தூக்கி முன்னால் நிற்கும்போதுகூட நெஞ்சுக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததைக் கண்டு, சட்டைப் பொத்தானைத் திருகிவிட்டு இறங்கும். இன்று அட்டை இருக்கிறது. ஆனால் இது எந்தக் கதவையும் திறக்காத அட்டை. திறக்க வேண்டியது கூடத்தின் மறுகோடியில் இருந்த கண்ணாடிக் கதவு. அது திறந்து, அவன் பெயர் அழைக்கப்பட்டு, உள்ளே போய், அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லி, அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டால் மனைவி பிலோமினா மஸ்கட்டுக்குப் போகமாட்டாள். எடுத்துக்கொள்ளாவிட்டால் போய்விடுவாள். இவ்வளவுதான் இன்றைய தினம். மாலை ஐந்து மணிக்குள், வெளிநாட்டுக்கு நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சிக்காரரிடம் சரி என்றோ வேண்டாம் என்றோ அவள் சொல்லியாக வேண்டும். அவளுக்குப் பின்னால் இன்னொரு நர்ஸ் காத்துக்கொண்டிருக்கிறாளாம்.

‘ஒங்களுக்கு இது கெடச்சிட்டா நான் வேண்டாம்னு சொல்லிடுதேன். கெடைக்காட்டி போறேன். ரெண்டே வருசந்தானே.’ காலையில் அவள் வெள்ளைச் சீருடையின் காலரைச் சரிசெய்தபடியே சொன்னதை அவன் மறுபடியும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தான். அதில் எந்தச் சொல்லில் அழுத்தம் விழுந்தது என்று அவனுக்கு இப்போது தெரியவில்லை. கெடச்சிட்டா என்பதிலா, போறேன் என்பதிலா? பக்கத்தில் இருந்தபோது கவனித்திருக்கலாம். அவனோ அப்போது காலணியின் நாடாவோடு போராடிக்கொண்டிருந்தான்; புதிய காலணி, குதிகாலைக் கடிக்கிற காலணி. இப்போதும் கடிக்கிறது. அவள் போய்விட்டால் வீடு எப்படி இருக்கும்? ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஜெசிந்தா, அம்மாவிடம் மட்டுமே சொல்லுகிற விஷயங்களை யாரிடம் சொல்லுவாள்? இரவுப் பணி முடித்து விடியலில் வந்து, குளித்துவிட்டு, ஈரக் கூந்தலோடு நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுகிற அந்தக் கழுத்தின் சாய்வு இல்லாத வீடு. பாவம் அவள், எனக்காகத்தானே இந்த வயதில் கடல் தாண்டப் பார்க்கிறாள், என் கையாலாகாத்தனம் அல்லவா அவளைத் துரத்துகிறது என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கரித்தது. அந்தக் கரிப்பில் ஒரு மெல்லிய சுகமும் இருந்தது. போன வாரம் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே அவள் கைபேசியில் அரபுச் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வலி எங்கே, மூச்சை இழுங்கள், பயப்படாதீர்கள். ஒவ்வொன்றையும் தொண்டையின் ஆழத்திலிருந்து திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். சரியாக வந்தபோது மாவுக் கையோடு தனக்குத்தானே தலையை ஆட்டிக்கொண்டாள். கடமை என்று வந்துவிட்டால் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள் என்று அவன் எண்ணினான். எண்ணம் அந்த இடத்தில் எதிலோ மாட்டி இழுபட்டது. என்னவென்று குனிந்து பார்ப்பதற்குள் நழுவி வேறு பக்கம் போய்விட்டது. காலணிதான். குதிகாலில் தோல் உரிந்திருக்கும்.

அவன் வந்தபோது கூடத்தில் முன்பே ஓர் இளைஞன் இருந்தான். இருதயராஜைக் கண்டதும் அவன் பதறி எழுந்து நின்று, “குட் மார்னிங் சார்” என்றான். இருதயராஜும் பழக்கத்தில் தலையசைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். இளைஞன் உட்காரவில்லை. “நீங்க பேனல்ல இல்லையா சார்?” என்று கேட்டான். “இல்ல தம்பி. நானும் இன்டர்வியூவுக்குத்தான்.” “ஓ,” என்றான் இளைஞன், அந்த ஒற்றை எழுத்து முழுவதும் வெளியே வருவதற்குள் அவன் முகத்தில் மரியாதை கரைந்து, திகைப்பாகி, பரிவாக மாறியதை இருதயராஜ் படிப்படியாகப் பார்த்தான். “சாரிண்ணா. நான் கார்முகிலன். தர்மபுரி. அனலிஸ்ட் போஸ்ட்டுக்கா? அதே போஸ்ட்டுக்குத்தாண்ணா நானும்.” சார் அண்ணாவாக இறங்கியதில் அன்பு கூடியதா, உயரம் குறைந்ததா? நரையை மறைக்கச் சாயம் பூசலாம் என்று ஜெசிந்தா சொன்னாள். பூசியிருந்தால் இவன் எழுந்து நின்றிருக்கமாட்டான். நிற்காதிருந்தால் இந்த ‘ஓ’வும் இருந்திருக்காது. சாயம் பூசாத தலை நேர்மையான தலை என்று நேற்று கண்ணாடி முன்னால் நினைத்ததை இப்போது கார்முகிலனின் அடர்ந்த கறுப்பு முடி அமைதியாக மறுத்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவு திறந்து அந்த இளைஞனின் பெயர் அழைக்கப்பட்டது. எழுந்தவன் இன்சர்ட் செய்த சட்டையை முதுகுப்புறம் இழுத்துவிட்டுக்கொண்டு, குனிந்து, “வந்து என்ன கேட்டாங்கன்னு சொல்றேண்ணா” என்று கிசுகிசுத்துவிட்டுப் போனான். அது இந்தக் கூடங்களின் எழுதாத வழக்கம். உள்ளே போனவர் வெளியே வரும்போது அடுத்தவர் காதில் கேள்வியைப் போட்டுவிட்டுப் போவார். இருப்பது ஒரே காலியிடமாக இருந்தாலும்.

என்ன கேட்பார்கள்? ஆஸ்டின் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்திருந்தான். பழைய அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரன். ஆட்குறைப்பில் முதல் அலையிலேயே கரை ஒதுங்கி, மூன்று நிறுவனங்களில் ஏறி இறங்கி, நேர்காணல்களின் கடல் ஆழம் தெரிந்தவன். பெருங்குடி டீக்கடையில் பருப்பு வடையை இரண்டாகப் பிய்த்தபடி அவன் பாடம் நடத்தினான். “ஒன்னப் பத்திச் சொல்லுன்னுதான் ஆரம்பிப்பான். ஒடனே ஒன்னப் பத்திச் சொல்லிராத.” “பின்ன?” “அவனுக்கு வேண்டிய ஆளப் பத்திச் சொல்லு. சும்மா வீட்ல இருக்கேன்னு மட்டும் சொல்லிராத. ஒன் பலவீனம் என்னம்பான். எடுத்த வேலைய முடிக்காம தூக்கம் வராது, அதான் சார் என் பலவீனம்னு சொல்லு.” “எனக்கு நல்லா தூக்கம் வருமே, லே.” “வரும். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அத வீட்ல வச்சிக்க.” சிரித்தார்கள். டீக்கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். பிறகு ஆஸ்டின் சிரிப்பை நிறுத்திவிட்டு, எண்ணெய் விரலை உயர்த்தினான். “முக்கியமான எடம் கடைசில வரும். எல்லாம் முடிஞ்சு, எங்ககிட்ட எதாவது கேக்கணுமான்னு கேப்பாங்க. இல்லன்னு சொன்னா போச்சு. ஆர்வமில்லாதவன்னு எழுதிருவான். கேக்கணும். ஆனா நெசமா தெரிஞ்சிக்க வேண்டியதக் கேக்கக் கூடாது. சம்பளம் கேக்காத. வேல கெடைக்குமான்னு கேக்கவே கேக்காத, பிச்ச எடுக்கிற மாதிரி ஆயிரும். அடுத்த வருசம் இந்த டீம் எந்த எடத்துல இருக்கும்னு நெனைக்கிறீங்கன்னு கேளு. பதிலுக்குத் தலைய மட்டும் ஆட்டு.” நேற்றும் இன்றும் அந்த வாக்கியத்தை இருதயராஜ் நாவில் உருட்டி உருட்டி மெருகேற்றியிருந்தான். தெரிந்துகொள்ள விருப்பமில்லாததைக் கேட்பது, தெரிந்துகொண்டே தீர வேண்டியதைக் கேட்காமல் விழுங்குவது. இதற்குப் பயிற்சி தேவையில்லை என்று அவனுக்குப் பட்டது. இதை அவன் எங்கோ நெடுங்காலமாகச் செய்து வந்திருப்பதைப்போல ஒரு பரிச்சயம். எங்கே என்று தேடினான். அலுவலகத்தில் இல்லை. அலுவலகத்தில் அவன் தொழிலே கேட்பதுதான்.

ஆம், கேட்பதுதான். தேவை உள்ளவர்களுக்கும் மென்பொருள் கட்டுகிறவர்களுக்கும் நடுவில் நிற்கிற ஆள் அவன். வங்கிக்காரர் வந்து இது வேண்டும் என்பார். எதற்காக என்று கேட்க வேண்டும். அதற்காக என்பார், அது இப்போது எப்படி நடக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டு, அவருக்கே தெரியாத அவருடைய தேவையை வெளியே கொண்டுவந்து, கட்டுகிறவர்களுக்கு விளங்கும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை அந்நியர்களிடம் எத்தனை பொறுமையாகக் கேட்டிருக்கிறான்! அந்தப் பொறுமையை நிறுவனம் ஒருநாள் முற்பகலில் திருப்பிக் கொடுத்துவிட்டது. தாமிரபரணி என்று பெயரிட்ட ஒரு சின்ன அறைக்கு அழைத்தார்கள். சொந்த ஊர்ப் பக்கத்து நதியின் பெயரில் ஓர் அறை இருப்பதில் அவனுக்கு எப்போதும் கொஞ்சம் பெருமை. ‘உங்கள் திறமையில் குறை ஒன்றும் இல்லை, திட்டம் முடிந்துவிட்டது’ என்றார்கள். மடிக்கணினியை மேசையிலேயே வைத்துவிடச் சொன்னார்கள். தினமும் சலாம் வைக்கிற காவலர் அன்று அவனோடு மின்தூக்கியில் இறங்கினார். யாரும் எதுவும் திருடிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அந்தச் சங்கடத்தில் அவர் தரையையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது பிலோமினா அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டு, திரும்பாமல், கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து அழுத அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். திரும்பாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் முகம் எப்படி இருந்தது? அழுதாளா? அழுத கண்ணாகத் தெரியவில்லை. இருதயராஜின் நினைவு அந்த முதுகின்முன் போய் நின்றது. நின்று, சுற்றிக்கொண்டு முன்பக்கம் போகப் பார்த்தது. போகமுடியாமல் திரும்பி வந்தது. பயந்திருப்பாள். வேறென்ன. கூடத்தின் ஓரத்தில் தண்ணீர்க் கருவி கடகடவென்று ஒரு குமிழியை விட்டது. தாகமாக இருந்தது. எழுந்து போகத் தயங்கினான். போகிற நேரத்தில் பெயரை அழைத்துவிட்டால்?

இந்தத் தயக்கம் எட்டு மாதத்து வீட்டு வாழ்க்கை கொடுத்தது. காத்திருப்பவன் இருந்த இடத்தைவிட்டு நகரமாட்டான். எரிவாயு உருளை வரும் என்று குறுஞ்செய்தி வந்த நாளில் அவன் காலையிலிருந்து மாலைவரை வாசல் மணிக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருப்பான். குளிக்கப் போனால் குழாயைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்பான். கடைக்குப் போகமாட்டான். ஏஜென்சிக்குத் தொலைபேசினால், “வண்டி கெளம்பிருச்சி சார், உங்க ஏரியாலதான் இருக்கு” என்பாள் ஒரு பெண். வண்டி எந்தத் தெருவில் நின்றால் என்ன? அவன் அறிய விரும்பியது அதையல்ல. இன்று வருமா, வராதா? வராது என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்காவது போய்வருவானே! வருகிறது என்றும் இல்லாமல் வரவில்லை என்றும் இல்லாமல் ஒரு மனிதனை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிப்போடுகிற அந்த நடுநிலைதான் கொடியது. நேர்காணல்களும் அப்படியே முடிந்தன. ‘சொல்லி அனுப்புகிறோம்.’ ஒருவரும் சொல்லி அனுப்பியதில்லை. மாட்டோம் என்று எழுதினால்கூட நெஞ்சு ஒருநாள் வலித்துவிட்டு ஆறிவிடும். எழுதாததால் ஒவ்வொரு நிறுவனத்தின் வாசலிலும் அவனுடைய ஒரு துண்டு இன்னும் உட்கார்ந்துகொண்டிருக்கிறது, பெயர் அழைக்கப்படுமென்று. இன்று அப்படி ஒரு துண்டை இங்கே விட்டுவிட்டுப் போகமுடியாது. ஐந்து மணி. அவர்கள் சொல்லி அனுப்புகிறோம் என்றால் பிலோமினாவுக்கு என்னவென்று சொல்லுவான்? அவள் அதைக் கிடைக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வாள். எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவாள். அதற்கு மறுநாள் இவர்கள் அழைத்தால்? ஆக, கிடைப்பது போதாது; கிடைத்தது என்பது ஐந்து மணிக்குள் தெரியவும் வேண்டும். அதைக் கேட்கவே கூடாது என்கிறான் ஆஸ்டின்.

கார்முகிலன் வெளியே வந்தான். நெற்றியில், இந்தக் குளிரிலும், வியர்வை. “ஒரு மேடம், ஒரு சார். சார் வாயே தொறக்கல, லேப்டாப்ல தட்டிக்கிட்டே இருக்காரு. மேடம்தாண்ணா எல்லாம்,” என்று அவசரமாக அவன் காதருகே சொன்னான். “கேஸ் ஸ்டடின்னு ஒரு பிரச்சினை குடுக்கறாங்க. கேஸ் சிலிண்டர் ஏஜென்சி. கஸ்டமர்லாம் போன் பண்ணி சிலிண்டர் எங்க எங்கன்னு கேட்டு உயிரெடுக்கறாங்களாம். ஓனரு, வண்டி எங்க இருக்குன்னு காட்டற மாதிரி ஒரு ஆப் வேணும்கறாரு. நீங்க என்ன செய்வீங்கன்னு கேக்கறாங்க. நான் ஜி.பி.எஸ்., மேப்பு, எஸ்.எம்.எஸ். அலர்ட்டு எல்லாம் சொல்லிட்டேன். எனக்கு முன்னாடி போன பொண்ணு சொன்னதும் அதுதான். வெளிய வந்து எனக்குச் சொல்லிச்சு. நீங்களும் அதையே சொல்லிடுங்க. மேப்ப மறக்காதீங்க.” “நீயும் இந்த வேலைக்குத்தானே தம்பி வந்திருக்க? எனக்குச் சொல்லுதியே.” “அட போங்கண்ணா. உங்களப் பாத்தா எங்க சித்தப்பா மாதிரி இருக்கீங்க.” இருதயராஜ் சிரிக்கவேண்டும் என்று நினைத்து, சிரித்தான். சித்தப்பா. சாரிலிருந்து அண்ணனாகி, போட்டிக்கே தகுதியில்லாத உறவாகி முடிந்தான். ஆனாலும் பையனின் கை அவன் தோளைத் தொட்ட இடம் சூடாக இருந்தது. இந்தக் கூடத்தில் அவன் உடம்பில் சூடாக இருந்த இடம் அது ஒன்றே. ஜி.பி.எஸ்., மேப்பு, குறுஞ்செய்தி. விடை கையில் இருக்கிறது. கேள்விக்கு முன்னாலேயே விடை. வாயில் வைத்து மெல்லவும் தேவையில்லை, அப்படியே கொடுத்துவிடலாம். “இருதயராஜ்” என்று கண்ணாடிக் கதவு அழைத்தது.

அந்த அம்மையாரின் பெயர் வைதேகி என்று மேசைமேல் இருந்த பலகை சொன்னது. அவன் வயதுதான் இருக்கும். கண்களின் கீழே தூக்கமற்ற நிழல். காலையிலிருந்து ஒரே பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்த ஒருவரின் மென்மையான குரலில், “உங்களைப் பத்திச் சொல்லுங்க” என்று ஆரம்பித்தார். இருதயராஜ் அவர்களுக்கு வேண்டிய ஆளைப் பற்றிச் சொன்னான். பலவீனத்தையும் சொன்னான், தூக்கம் வராது என்று அவன் சொன்னபோது மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தவர்கூடத் தலை நிமிரவில்லை. தன் குரல் எங்கோ பக்கத்து அறையிலிருந்து வருவதைப்போல அவனுக்குக் கேட்டது. பிறகு உருளைக் கதை வந்தது. கார்முகிலன் சொன்னபடியே, சொல் பிசகாமல் வந்தது. அவன் வாயைத் திறந்தான். ஜி.பி.எஸ். என்ற எழுத்துகள் நாவின் நுனிவரை வந்து நின்றன. அந்தக் கணத்தில், பாதியில் நிறுத்திய குழாயிலிருந்து சொட்டுகிற தண்ணீரும், சோப்பு நுரையோடு காதைத் தீட்டிக்கொண்டு நின்ற தன் உடம்பின் அவமானமும் அவனுக்குள் எழுந்தன. “மேடம், ஒண்ணு கேக்கலாமா?” என்றான். “கேளுங்க.” “ஆப் வேணும்னு கேக்கறது யாரு? ஓனர்தானே? போன் பண்றவங்க யாராவது அதைக் கேட்டாங்களா?” வைதேகியின் பேனா நின்றது. “தெரியலை. ஏன்?” “போன் பண்றவங்களுக்கு வண்டி எங்க நிக்குதுன்னு தெரிஞ்சு ஒண்ணும் ஆகப்போறதில்லை மேடம். வீட்டைப் பூட்டிட்டு வெளியே போகலாமா கூடாதான்னு தெரியணும். இன்னைக்கு வராதுன்னா வராதுன்னு காலையிலயே யாராவது சொல்லிட்டா, பாதி பேர் போனே பண்ணமாட்டாங்க. முதல்ல நான் அந்த போன் எடுக்கற பொண்ணுகிட்ட ஒரு நாள் உக்காந்து, கூப்பிடறவங்க என்ன கேக்கறாங்கன்னு கேப்பேன். ஏஜென்சியால காலையிலயே அன்னைக்கு யாருக்குக் கொடுக்க முடியாதுன்னு சொல்ல முடியுமான்னு கேப்பேன். ஆப் அதுக்கப்புறம். ஒருவேளை தேவையே படாது.” மடிக்கணினியின் தட்டல் நின்றிருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான். அந்த மனிதர் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எத்தனை தடவை சிலிண்டருக்குக் காத்திருந்தீங்க?” என்று கேட்டார் வைதேகி, அவர் முகத்தில் முதன்முதலாக ஒரு சிரிப்பின் சாயல். “நெறைய தடவை மேடம். எட்டு மாசமா வீட்லதான் இருக்கேன்.” சொல்லிய பிறகே, ஆஸ்டின் சொல்லக்கூடாதென்ற சொற்களில் இதுவும் ஒன்று என்பது நினைவுக்கு வந்தது. வந்து என்ன. காது மடல்கள் கொதித்தன.

இன்னும் சில கேள்விகள் வந்தன. அவற்றுக்கு அவன் தன் சொந்தக் குரலில், தடுமாறித் தடுமாறி, ஆனால் இந்த அறையிலிருந்தே பதில் சொன்னான். இறுதியில் வைதேகி தாள்களை அடுக்கிவிட்டு, எல்லா அறைகளிலும் எல்லாரும் கேட்கிற அதைக் கேட்டார். “எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?” அடுத்த வருஷம் இந்த டீம் எந்த இடத்தில். வாக்கியம் மெருகேறித் தயாராக இருந்தது. இருதயராஜ் அதைப் பார்த்தான். ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னாலிருக்கும் பொம்மையைப் பார்ப்பதைப்போல. “இந்த வேலை எனக்குக் கிடைக்குமா இல்லையான்னு இன்னைக்கே சொல்ல முடியுமா மேடம்? அஞ்சு மணிக்குள்ள,” என்று அவன் குரல் கேட்டது. தொடர்ந்து, நிறுத்த மாட்டாமல், “இல்லைன்னாலும் பரவாயில்லை. இல்லைன்னு தெரிஞ்சா போதும். என் வீட்டுல ஒரு முடிவு எடுக்கணும். அது இதுக்காக நின்னுக்கிட்டிருக்கு” என்றான். பிச்சைக்காரன் என்றானே ஆஸ்டின், கை நீட்டியாயிற்று. வைதேகி பக்கத்து மனிதரைப் பார்த்தார். அவர் தோளை இலேசாகக் குலுக்கி, பிறகு சம்மதமாகத் தலையை அசைத்தார். “ஹெச்.ஆர். திங்கட்கிழமை கூப்பிடுவாங்க. நாங்க நேரா சொல்லக் கூடாது,” என்று ஆரம்பித்த வைதேகி நிறுத்தி, அவனை ஒரு கணம் நோக்கிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். “காலையிலேருந்து வந்த எல்லாரும் எனக்கு மேப் வரைஞ்சு காட்டினாங்க. நான் உங்க பேரைத்தான் எழுதப் போறேன். இதுல எங்க முடிவுதான் கடைசி. வீட்டுல சொல்லிக்கோங்க. வெளியே யார்கிட்டயும் சொல்லாதீங்க.” அவன் எழுந்து நன்றி சொன்னானா, கதவை எந்தப் பக்கம் தள்ளினான் என்பதெல்லாம் அவனுக்குப் பின்னாளிலும் நினைவுக்கு வரவில்லை.

வெயில் அவனைக் கட்டியணைத்துக்கொண்டது. நடைபாதையில் ஒரு புங்க மரத்தடியில் நின்று பிலோமினாவை அழைத்தான். மணி ஒலிக்க ஒலிக்க அவனுக்குள் எல்லாம் ஒரே சமயத்தில் வெளிவரத் துடித்தன: கிடைத்துவிட்டது, நீ போக வேண்டாம், நான் உன்னைக் காப்பாற்றிவிட்டேன். அவள் எடுத்தாள், பின்னால் தீவிர சிகிச்சைப் பிரிவின் கருவிகள் ஒவ்வொன்றாய்க் கூவிக்கொண்டிருந்தன. “பிலோ, கெடச்சிட்டு.” “நெசமாவா?” “ஆமா. அந்த மேடமே சொல்லிட்டாங்க.” “மாதாவே,” என்றாள் அவள். “நல்லதுங்க. ரொம்ப நல்லது. ஜெசிட்ட சொல்லிட்டியளா?” “மொதல்ல ஒனக்குத்தான்.” “நல்லது. அப்ப ஏஜென்சிக்காரர்ட்ட வேண்டாம்னு சொல்லிடுதேன்.” அவ்வளவுதான். குரலில் ஒரு குறையும் இல்லை. தெளிவாக, சீராக, பணி மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளியின் நிலையை ஒப்படைப்பாளே, அந்தக் குரல். காய்ச்சல் இவ்வளவு, நாடித் துடிப்பு இவ்வளவு. வீட்டிலிருந்து தொலைபேசியில் அவள் அப்படி ஒப்படைப்பதை அவன் எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். யாரேனும் இறந்துபோன செய்தியையும் அவள் அந்தக் குரலில்தான் சொல்லுவாள். இருதயராஜின் மகிழ்ச்சி, நடந்துகொண்டே இருந்தவன் படி இல்லாத இடத்தில் காலை வைத்ததுபோல், அந்தரத்தில் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பாமல் நின்ற முதுகு அவன் முன்னால் வந்து நின்றது. இப்போதும் கேட்காமல் விட்டுவிடலாம். சரி சொல்லிடு, சாயங்காலம் பார்ப்போம் என்று சொன்னால், ஐந்து மணி கடந்துவிடும், அவள் இருப்பாள், ஈரக் கூந்தலோடு நாற்காலியில் உறங்குவாள். யாருக்கும் எதுவும் தெரியவேண்டியதில்லை. “பிலோ, ஒனக்கு மஸ்கட்டுக்குப் போவணும்னு ஆசையா?”

“இப்ப என்னத்துக்கு அது? ஒங்களுக்குத்தான் கெடச்சிட்டே.” “கெடச்சது கெடக்கட்டும். ஆசையா இல்லையா, அதச் சொல்லு.” “சிஸ்டர், அஞ்சாம் நம்பர்” என்று யாரோ அழைத்தார்கள். “இந்தா வாறேன்,” என்றாள் அவள், அவர்களிடம். பிறகு காலடி ஓசை, ஒரு கதவு, கருவிகளின் கூவல் அடங்கியது. அவள் படிக்கட்டுப் பக்கம் வந்துவிட்டாள் போலும். “ஆசதான்,” என்றாள். “ரொம்ப ஆசங்க. படிக்கிற காலத்துலேருந்தே. கூடப் படிச்ச பிள்ளைக எல்லாம் போயிட்டாளுக. ஜெசி வளரட்டும்னு இருந்தேன். அப்புறம் ஒங்களுக்கு வேல போயிட்டுன்னு வந்து சொன்னியளா, வாயால சொல்லக் கூடாது, எனக்கு ஒரு கதவு தொறந்தாப்பல இருந்துச்சு. சந்தோசமா இருந்துச்சுங்க. புருசன் அழுதுட்டு இருக்காரு, எனக்குச் சந்தோசம். அதுக்குக் கோயில்ல சாமியார்ட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன். ஒரு தடவ இல்ல, எத்தனையோ தடவ.” லாரி ஒன்று இரைந்துகொண்டு கடந்துபோனது. அது போய் முடியும்வரை இருதயராஜ் காத்திருந்தான். “சாமியாரு என்ன சொன்னாரு?” “மாதாவுக்கு மூணு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னாரு.” “சொன்னியா?” “சொன்னேன். ஆச போவல.” இவ்வளவு நேரமும் ஒப்படைக்கிற குரலில் பேசியவளின் தொண்டை அந்த இடத்தில் உடைந்தது. அவளுக்கு ஆறுதல் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, கோபப்படவும் தோன்றவில்லை. தன்னோடு பதினாறு ஆண்டுகள் ஒரே வீட்டில் உண்டு உறங்கிய ஒருத்தியை, யாரோ இப்போதுதான் கைபிடித்து அழைத்து வந்து எதிரில் நிறுத்தியதைப்போல் இருந்தது. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். ஐந்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

“அவர்ட்ட சரின்னு சொல்லிடு,” என்றான். “என்ன சொல்லுதிய? ஜெசி?” “ஜெசிய நான் பாத்துக்கிடுவேன். கஞ்சி வைக்கப் படிச்சிக்கிடுவேன். ரெண்டே வருசந்தானே.” காலையில் அவள் சொன்ன சொற்கள் அவன் வாயிலிருந்து வரும்போது அவற்றின் நீளம் அவனுக்குத் தெரிந்தது. மறுமுனையில் அவள் மூச்சை விட்டாள். ஆழமான, அவிழ்ந்த மூச்சு. அப்படி ஒரு மூச்சை அவளிடமிருந்து அவன் எந்த நாளிலும் கேட்டதில்லை. இனி நெடுநாள் அருகிலிருந்து கேட்கப்போவதும் இல்லை. “நெசமா நெனச்சுத்தான் சொல்லுதியளா?” என்று கேட்டாள். அவன் நெற்றியை மரத்தில் சாய்த்துக்கொண்டான். பட்டை சுட்டது. “இல்ல பிலோ,” என்றான் இருதயராஜ். “நான் நெனைக்கிறதுக்குள்ள நீ அவர்ட்ட சொல்லிடு.”